திராட்சை அளவுச் சூரியன்

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம் பகல் பதினொரு மணிக்குத் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நுழைகிறவர்கள் உடனே அண்ணாந்து குலையைப் பார்ப்பார்கள். பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகக் கருத்துத் தொங்கும்போது யாருக்கும் கண் மேலேதான் போகும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அந்த மரியாதையும் அதற்கு உண்டு. நான் தரையைப் பார்க்கச் சொல்வேன். தண்ணீர் பாய்ச்சி ஒரு நாள் ஆன ஈர மண்ணில் காசை வாரி இறைத்ததுபோல வெயில் வட்டங்கள் கிடக்கும். காற்று ஓர் இலையைப் புரட்டினால் பத்து வட்டம் அணையும், பக்கத்தில் பத்து முளைக்கும்.

அதில் ஒரு வட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். அதற்கு வழிவிட்ட சந்து மேலே எப்படி இருக்கிறது? திராட்சை இலைக்கு விளிம்பெல்லாம் ரம்பப் பல். இரண்டு இலை ஒன்றன்மேல் ஒன்று சாயும்போது நடுவில் விடும் இடுக்கு முக்கோணமாக இருக்கும், கோணல் கீறலாக இருக்கும், கரையான் அரித்த காகிதம் மாதிரிகூட இருக்கும். வட்டமாக இருக்கவே இருக்காது. இருந்தும் தரையில் விழுவது வட்டம்தான். இடுக்கு சின்னதாக இருந்தால் அதன் வடிவத்தை ஒளி மறந்துவிடுகிறது. கீழே விழுவது சூரியனின் படம். பந்தலில் உள்ள ஒவ்வொரு சந்தும் ஒரு ஊசித்துளைக் கேமரா. ஒரு குழி நிலத்தில் இத்தனை நூறு சூரியனைப் படம்பிடித்துக் காயப் போட்டிருக்கிறார்கள், மிதித்துக்கொண்டு போகிறோம்.

அளவுக்கும் கணக்கு உண்டு. வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரி. சந்துக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 110ஆல் வகுத்தால் வட்டத்தின் விட்டம் கைக்கு வந்துவிடும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலை ஆறடி உயரம் என்று வைத்தால், ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. தலைக்கு மேல் தொங்குகிற பழத்தின் பருமனும் கிட்டத்தட்ட அதேதான்! மேலே பழம், கீழே பழத்தின் அளவிலேயே சூரியன். இது தற்செயல்தான், ஆனாலும் அந்தத் தற்செயலைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாலையோரம் வெட்டாமல் விட்டுவைத்த புளியமரத்தடியில், முப்பதடி உயரக் கிளைக்குக் கீழே, இதே சூரியன் இட்லி அளவுக்கு வந்திருக்கும். அங்கே ஒளி அகலமாகப் பரவிவிடுவதால் கொஞ்சம் வெளிறியும் இருக்கும்.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் சூரிய கிரகணம் உச்சத்தில் இருந்தது. திண்டுக்கல்லில் முழு வளையம். கம்பம் அந்தப் பாதைக்குத் தெற்கே தள்ளி இருப்பதால் எங்களுக்கு வளையம் கிடைக்கவில்லை, மெல்லிய பிறைதான். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தபோது நான் பந்தலுக்குள் இருந்தேன். மேகம் விலகிய நேரத்தில் தரையில் இருந்த வட்டம் அத்தனையும் பிறையாகிவிட்டது. தோட்டத்துக்காரர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, “என்ன தம்பி, பூராம் கதிரருவாளாக் கெடக்கு?” என்றார். அதைவிட நல்ல உவமை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்படித் தரையைப் பார்த்துத் திரியப் பழக்கியது ஒரு படிப்பு. கட்டட ஒளியமைப்பு என்று பெயர். சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று எங்கள் மாமா, “சீரியல் செட்டு போடுறதுக்கா மாப்ள ரெண்டு வருசப் படிப்பு?” என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லைட்டு என்றால் நம் ஊரில் திருவிழா, கல்யாணம், மைக் செட்டுக்காரர். ஆனால் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒளியூட்டலுக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பார்ட்லெட்டிலும், ஸ்டாக்ஹோமின் கேடிஎச்சிலும், கோபன்ஹேகனில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்திலும் இதற்கு முதுகலைப் படிப்பு உண்டு. கட்டடக்கலை படித்தவர்கள் வருவார்கள், மின்பொறியியல் படித்தவர்கள் வருவார்கள், மேடை நாடகத்துக்கு விளக்குப் போட்டவர்களும் வருவார்கள். முதல் சில வாரங்களில் இவர்களில் யார் பேசுவதும் மற்றவர்களுக்குப் புரியாது.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது செயற்கை வானம். சுவரெல்லாம் கண்ணாடி பதித்த ஒரு பெட்டி அறை. கூரை முழுக்கப் பால் வெளிச்சம். கண்ணாடியும் கண்ணாடியும் ஒன்றையொன்று காட்டிக்கொள்வதால் முடிவில்லாத மப்பு வானம் ஒன்று உள்ளே உண்டாகிவிடும். அட்டையில் செய்த வீட்டை நடுவில் வைத்து, கூடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று குன்றிமணி அளவு உணரியால் அளப்பார்கள். சிறுபிள்ளைகளின் சொப்பு விளையாட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது யாருடைய வானம் என்பதில்தான் ருசியே இருக்கிறது. 1942இல் அமெரிக்காவில் மூன், ஸ்பென்சர் என்ற இருவர் மப்பு வானத்துக்கு ஒரு சூத்திரம் போட்டார்கள். (வானத்தை அளந்தவர் பெயர் மூன். நான் கட்டிவிடவில்லை.) அந்தச் சூத்திரப்படி உச்சி வானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசம். மேகம் மூடிய குளிர்நாட்டுக்கு அது சரி. நமக்கு? ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்தியாவின் தெளிந்த வானத்தை அளந்து வேறு ஒரு வானத்தை எழுதிவைத்தார்கள். சூரியன் 15 டிகிரி உயரத்தில் நிற்கும் வேளை. நேர் வெயிலைக் கழித்துவிட்டால் திறந்தவெளியில் வெளிச்சம் 8,000 லக்ஸ். அந்த வானத்தில் எல்லாம் தலைகீழ். அடிவானத்தை ஒட்டிய பகுதி உச்சியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பிரகாசம். இந்திய வீட்டில் கண் கூசுவது மேலிருந்து அல்ல, எதிரே இருந்து என்று அதற்குப் பொருள்.

இதைப் படித்த இரவு எனக்கு எங்கள் பழைய ஓட்டு வீட்டின் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. வளர்ந்த ஆள் குனியாமல் திண்ணை ஏற முடியாது; ஏறினால் சட்டத்தில் தலை இடிக்கும். சாரலுக்காக அப்படி இறக்கினார்கள் என்பார்கள். சரிதான், தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக இறங்கும் ஊரில் சாரல் சும்மா விடாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். அந்தத் தாழ்ந்த ஓட்டு விளிம்பு தெருவை விட்டுவைக்கும், எதிர்வீட்டுக் கோலத்தை விட்டுவைக்கும், அதற்கு மேலே இருக்கும் வெள்ளை வெளேரென்ற வானத்தை மட்டும் அளவாக நறுக்கிவிடும். சூத்திரம் அச்சாவதற்கு வெகுகாலம் முன்பே ஆசாரிக்குக் கை உயரம் தெரிந்திருக்கிறது.

பள்ளத்தாக்கில் இந்த நறுக்கும் வேலையில் பாதியை மலையே செய்துவிடுகிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும். நிழல் மலையடிவாரத் தோப்பில் தொடங்கி, வயலைக் கடந்து, முல்லையாற்றைத் தாண்டி, கிழக்குச் சரிவில் ஏறும். ஊர் நிழலில் இருக்க, மேகமலை மட்டும் இன்னும் வெயிலில் நிற்கும் அந்த நேரத்தைத் தவற விடக்கூடாது. ஜன்னல் வழியாக வரும் பகலொளியைப் பாடத்தில் மூன்றாகப் பிரிப்பார்கள்: வானத்திலிருந்து நேரே வருவது, வெளிப்பொருளில் பட்டு வருவது, அறைக்குள்ளேயே சுவரில் பட்டுத் திரும்புவது. கணக்குப் போடும்போது இரண்டாவதை ஒரு சின்ன எண்ணாக ஓரமாக எழுதுவோம். கம்பத்தில் கிழக்கு பார்த்த ஜன்னல் உள்ளவர்களுக்கு மாலை வேளையில் அந்த இரண்டாவது எண் ஒரு முழு மலை. சுண்ணாம்புச் சுவர் மெல்லப் பழுத்துப் பொன்னிறமாகும். வாசலில் இருக்கும் சிவப்புச் செம்பருத்தி அதற்குப் பிறகு கறுக்கும். இலைப் பச்சை மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஒளி குறையக் குறையக் கண்ணின் நாட்டம் சிவப்பைக் கைவிட்டு நீலம் பச்சைப் பக்கம் சாய்வதுதான் காரணம். புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூக்களில் கண்டது இதே சங்கதிதான்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கடைக்குள் ட்யூப் லைட் பளீரென்று எரிந்தாலும், உள்ளங்கையில் ஒரு பிடி காயை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பச்சையைப் பார்க்க வாசல் வெளிச்சம்தான் வேண்டும். புடவைக் கடையில் பெண்கள் மடிப்பை விரித்துக்கொண்டு கதவோரம் போவதும் இதற்குத்தான். பல்பு டப்பாவில் நிறக் காட்டுத்திறன் 80 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களுக்கு எடுத்த சராசரி. சோதனை நிறப் பட்டியலில் அடர் சிவப்பு ஒன்பதாவது, அடர் பச்சை பதினொன்றாவது. இரண்டும் அந்தச் சராசரியில் சேர்த்தியே இல்லை. ஆக, 80 வாங்கிய விளக்கு ஏலக்காய்ப் பச்சையில் ஃபெயில் ஆகியிருக்கலாம்; டப்பா வாய் திறக்காது. வியாபாரி இந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்தவரில்லை. அந்தப் பச்சையில் தன் பணம் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும். அது போதுமாக இருக்கிறது.

சித்திரை மாதம், நடை சாத்துவதற்குச் சற்று முன்னால், சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர் கோயிலுக்குள் போவது எனக்கு ஒரு வழக்கம். பாண்டியர் வரலாற்றுக்கு முதுகெலும்பான செப்பேடுகளால் ஊர்ப் பெயர் பாடப்புத்தகம் ஏறிவிட்டது. நான் போவது அதற்காக அல்ல. வெளியே நேர் வெயில் 1 லட்சம் லக்ஸ். ஒரு மெழுகுவத்தியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் விழுவது 1 லக்ஸ் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலிலிருந்து கோபுர நிழலுக்கு வந்தால் சுமார் பத்தில் ஒரு பங்கு. முன்மண்டபத்துக்குள் இன்னொரு பத்தில் ஒன்று. தூண்களுக்கிடையே உள்ளே போகப் போக மறுபடி பத்தில் ஒன்று. கருவறை வாசலில் நிற்கும்போது கையில் இருப்பது ஒற்றை இலக்கம். எல்லாப் பழைய கற்கோயிலிலும் ஏறக்குறைய இந்தக் கணக்கு வரும். வாசலில் இருந்த ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. ஆனால் யாரும் தடுமாறி விழுவதில்லை.

காரணம், கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் பார்ப்பதில்லை, மடங்குக் கணக்கில் பார்க்கிறது. ஒவ்வொரு பத்தில் ஒன்றும் அதற்கு ஒரே உயரமுள்ள ஒரு படி. பாவை விரிவதால் மட்டும் இது நடப்பதில்லை. 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை விரிந்தாலும் பரப்பில் பதினாறு மடங்குதான் கூடும். மீதியை விழித்திரை செய்ய வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். கூம்புச் செல்களுக்குப் பத்து நிமிடம். இருட்டில் மட்டும் வேலை செய்யும் கோல் செல்களுக்கு அரை மணிக்கு மேல். செருப்பை விட்டு, காலைக் கழுவி, கொடிமரத்தைக் கும்பிட்டு, பிள்ளையாருக்கு ஒரு குட்டுப் போட்டு, நந்தியைச் சுற்றிக்கொண்டு போகிறோமே, அந்தத் தாமதம் எல்லாம் கண்ணுக்குக் கொடுக்கும் வாய்தா. பாடத்தில் இதற்குத் தகவமைவு என்று ஒற்றைச் சொல். அந்தச் சொல்லில் பிள்ளையார் குட்டு கிடையாது.

இனி கருவறை. கருங்கல், அதிலும் எண்ணெய்க் காப்பு ஏறிய கருங்கல். கறுப்பு ஒளியை விழுங்கும். விளக்கொளியில் உருவமே தெரியக்கூடாது. ஆனால் எண்ணெய்ப் பூச்சு கல்லை ஒரு மங்கலான கண்ணாடியாக்கி வைத்திருக்கிறது. அர்ச்சகர் கற்பூரத் தட்டைத் தூக்கும்போது லிங்கத்தின் மேல் ஒரு சின்னச் சுடர் தோன்றுகிறதல்லவா, அது சுடரின் பிம்பம். தட்டு சுழலச் சுழல அந்தப் பொட்டும் கல்லின் மேல் ஊர்கிறது. வளைவு அதிகமான இடத்தில் சுருங்கி மெல்ல நகரும். பக்கவாட்டில் நீண்டு இழுபடும். ஆவுடையில் இறங்கும்போது ஒரு கோடாகிக் கரையும். நாம் கல்லைப் பார்க்கவில்லை. பொட்டு போன வழியை வைத்துக் கல்லின் வளைவை மனதுக்குள் வரைந்துகொள்கிறோம். தட்டு நின்றால் உருவம் நின்றுவிடும். அதனால்தான் தீபாராதனை சுற்ற வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னால் ஆகமம் அறிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். சுற்றுவதால் கிடைக்கும் லாபம் இது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது பல கோயில்களில் கருவறை நிலையின் மேலே ஃபோகஸ் லைட் மாட்டிவிடுகிறார்கள். உபயதாரர் பெயரும் அதன் மேலேயே இருக்கும். பொட்டு ஓரிடத்தில் ஆணி அடித்ததுபோல நின்றுவிடுகிறது. தெளிவாகத் தெரிகிறது என்கிறார்கள், தெரிகிறதுதான். கற்பூரம் காட்டும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒளி வரும் திசைக்கும் இதில் பங்கு உண்டு. உத்தமபாளையம் கருப்பணசாமி கோயில் பாறையில் தீர்த்தங்கரர்களின் வரிசை இருக்கிறது. 9, 10ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள், கூடவே வட்டெழுத்து, செய்வித்தவர்களில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயரும் உண்டு. ஆனைமலையிலும் அழகர்மலையிலும் காணப்படும் அதே அச்சணந்தி. உச்சிவெயிலில் போனால் எழுத்து பாறையோடு பாறையாகப் படுத்துவிடும். ஒளி பக்கத்திலிருந்து பாறையை உரசிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் ஒரு மில்லிமீட்டர் பள்ளத்துக்கும் நிழல் விழும். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த மூன்று நடுகற்களில் இருப்பது இன்னும் பழைய தமிழ் பிராமி. ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் பட்டவனுக்கு நட்ட கல். அது எந்தக் கூடலூர் என்பதைக் கல்வெட்டு அறிஞர்கள் பேசட்டும். கம்பம் தாண்டினால் ஒரு கூடலூர் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அத்தனை தேய்ந்த கீறலைப் படிக்கச் சாய்ந்த ஒளியைவிட நல்ல கருவி கிடையாது. டார்ச்சை நேரே அடிக்காமல் ஓரமாகப் பிடித்தால் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய உளிக்கோடு எழுந்து உட்காரும்.

வீரபாண்டிக்கு வருகிறேன். முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன். கண்ணொளி இழந்த வீரபாண்டிய மன்னனுக்கு ஒரு கண்ணை அம்மனும் மறுகண்ணைப் பக்கத்துக் கண்ணீஸ்வரமுடையாரும் கொடுத்தார்கள் என்பது தலபுராணம். ஒளி படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. சித்திரைத் திருவிழா எட்டு நாள். தீச்சட்டிக்கு இரவும் கிடையாது, பகலும் கிடையாது. 

மண்சட்டியில் விறகு எரிகிறது. அடியில் வேப்பிலைக் கொத்து, அதற்கடியில் இரண்டு உள்ளங்கை. சட்டி நெஞ்சுக்கு நேரே இருப்பதால் முகத்துக்கு வெளிச்சம் கீழேயிருந்து போகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிறந்தது முதல் நாம் பார்த்த முகமெல்லாம் மேலிருந்து ஒளி விழுந்த முகம்: வெயில், நிலா, உத்தரத்து விளக்கு. புருவத்துக்குக் கீழே நிழல், மூக்குக்குக் கீழே நிழல், தாடைக்குக் கீழே நிழல். ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை எழுதாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அந்த நிழல்களை வைத்து ஆளை அடையாளம் பிடிக்கிறது. தீச்சட்டி அதை ஒரே நொடியில் கிழித்துப் போடுகிறது. தாடை ஒளிர்கிறது. மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறுகிறது. எப்போதும் குழியில் இருக்கும் கண் இரண்டும், மேலிமையின் உட்புறம் உட்பட, முழுசாக ஒளிர்கின்றன. சுடர் துடிப்பதால் நிழலும் முகத்தில் ஓரிடத்தில் நிற்பதில்லை. மஞ்சள் புடவை பகலில் மஞ்சள். நெருப்பொளியில் நீலம் மிகக் குறைவு என்பதால் அந்த மஞ்சள் கனிந்து ஆரஞ்சுக்குப் போகிறது. கையில் இருக்கும் வேப்பிலையோ கிட்டத்தட்டக் கறுப்பு. நாடக மேடையில் அடிவிளக்கு வைத்து இதில் கால்வாசியைக் கொண்டுவர மெனக்கெடுவார்கள்.

ஒரு வருடம் இரவு பத்து மணி இருக்கும். கூட்டத்தில் ஓரமாக ஒதுங்கி நின்று ஒரு முகத்தைப் பார்த்தேன். உயரமான அம்மாள், நெருப்பைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு, என்னை உரசுவதுபோல வந்து கடந்து போனார். எனக்குக் கை தானாகக் குவிந்தது. யாரென்று தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அரை மணி கழித்துத் தேர்முட்டிப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் 6,500 கெல்வின் எல்இடி ட்யூப், பூச்சி மொய்க்க எரிந்தது. மஞ்சள் புடவை நனைந்து ஒட்டியிருக்க, ஓர் அம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து நிமிர்ந்தார். மூக்குக்குக் கீழே நிழல், தாடைக்குக் கீழே நிழல். எங்கள் தெருக்கோடி வீட்டு அத்தை.

“எப்பய்யா வந்த? உங்கம்மா ஒரு வார்த்த சொல்லல?”